டீமேக்கருக்கு விலை தெரிந்த பிறகு

எங்கள் பெக்டரிக் கணக்கில் ஒரு நிரல் உண்டு. ட்ரையரிலிருந்து விழும் தேயிலையின் ஈரப்பதத்தைச் சோதித்து, நாளுக்கு மூன்று தடவை அதில் பதிய வேண்டும். 2019ஆம் ஆண்டு ஒரு மே மாதப் பிற்பகலில், வேறு எதையோ தேடப்போய், மூன்று மாதக் கணக்கை அந்த நிரலில் மேலிருந்து கீழாகப் பார்த்தேன். 3.0, 3.0, 3.0. அடைமழை பெய்த நாளும் 3.0. விறகு நனைந்து அடுப்பு புகைந்த நாளும் 3.0. ட்ரையர் பழுதாகி அரை நாள் நின்றுபோன தேதியிலும் மூன்று தடவை 3.0 என்று இருந்தது.

பெக்டரியில் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் ஐயாவிடம் கேட்டேன். எங்கள் தோட்டத்தில் என் அப்பா காலத்திலிருந்தே இருப்பவர். கையில் எடுத்து ஊதி முகர்ந்தாலே தூள் எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"இத நான் ஒழுங்கா போட்டா யாரு மிஸ் பாக்கப்போறாங்க? என் தேயில ஏலத்துல என்னா வெலைக்கிப் போச்சின்னே எனக்குத் தெரியாது. கொழும்புல இருந்து யாராவது ஏசுறதுக்கு போன் பண்ணுனாத்தான் தெரியும். அது வரைக்கும் மூணு கெழம ஆகிடும். நான் எழுதுறது போகுது, எனக்கு ஒண்ணும் வர்றதில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை வைத்துத்தான் அதற்குப் பிந்திய ஆறேழு வருடங்களும் நான் வேலை செய்தேன். எல்லா வேலையையும் ஒன்றாக ஓட்டும் ஈ.ஆர்.பி. மென்பொருளுக்கு எங்கள் கம்பனி கொட்டிய பணத்துக்கு உரிய பலன் ஏன் வரவில்லை என்று கொழும்பில் எத்தனையோ கூட்டங்கள் நடந்தன. சிலவற்றில் நானும் இருந்தேன். அங்கே பேசப்பட்ட எதுவும் டீமேக்கர் ஐயா சொன்ன அளவுக்கு விஷயத்தைத் தொடவில்லை.

நான் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஆபீஸ் கிளாக்கர். அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். 2008இல் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வேலை நாள், கொழுந்து, சம்பளக் கணக்கு, எழுதுவதற்காகச் சேர்ந்தேன். 2017இல் கம்பனி தன் எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே மென்பொருளைக் கொண்டுவந்தபோது, கணனி கொஞ்சம் தெரிந்தவள் என்பதால் எங்கள் பக்கத்துப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கணக்கு, ஸ்டோர், கொள்முதல், சம்பளம், பெக்டரி எல்லாம் ஒரே இடத்தில், ஒரே தரவிலிருந்து ஓடவேண்டும் என்பதுதான் ஈ.ஆர்.பி.யின் அடிப்படை. பெயரை 1990இல் கார்ட்னர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் வைத்தது. அதற்கு முன்பு எம்.ஆர்.பி. என்று இருந்தது, தொழிற்சாலைக்கு எந்த மூலப்பொருள் எப்போது எவ்வளவு வேண்டும் என்று கணக்குப்போடும் முறை. இந்தப் பிறப்பை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் முதல் தொல்லை அங்கிருந்தே வந்தது. பல பாகங்களைப் பூட்டி ஒரு பொருள் செய்யும் தொழிற்சாலையை மனதில் வைத்துப் பிறந்த முறை அது. தேயிலை அதற்கு நேர்மாறு. உள்ளே போவது ஒரே கொழுந்து. வெளியே வருவது பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., பெக்கோ, டஸ்ட் என்று பல ரகம், கடைசியில் கழிவுத் தேயிலையும். ஒரு சைக்கிளுக்கு இரண்டு சில்லு, ஒரு செயின் என்று எழுதுகிற பட்டியலில் இதை அடைக்க முடியாது. வந்த ஆலோசகர்கள் நல்ல பிள்ளைகள்தான், ஆனால் யாரும் ஒரு ரோலர் ஓடுவதைப் பார்த்ததில்லை. மூன்று மாதம் அவர்களும் திண்டாடி எங்களையும் திண்டாட வைத்தார்கள். கடைசியில் அவர்களில் ஒருவரை இரவு பதினொரு மணிக்கு பெக்டரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வாட்டுத் தொட்டியிலிருந்து சல்லடை வரைக்கும் கூடவே நடந்தார். அடுத்த கிழமையே ரகம் பிரிக்கும் பகுதியைச் சரியாக மாற்றி எழுதிவிட்டார். மென்பொருள் போடப்போகும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஆலோசகரின் முதல் இரவு ஹோட்டலில் கழியக்கூடாது, உங்கள் வேலைத்தளத்தில் கழியவேண்டும்.

டீமேக்கர் ஐயாவின் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தேயிலை தொகுதி தொகுதியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு இன்வொய்ஸ் நம்பர் போட்டு கொழும்பு ஏலத்துக்குப் போகும். விற்றதும் புரோக்கர் அனுப்பும் கணக்கை அதே நம்பரின் கீழ் தலைமைக் காரியாலயத்தில் பதிவார்கள். ஆகவே விலை எங்கள் மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. அதைப் பார்க்கும் அனுமதிதான் தோட்டத்து லொகினுக்குக் கொடுக்கப்படவில்லை. யாரும் வேண்டுமென்று மறைக்கவில்லை, கேட்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கடிதம் எழுதினேன், இரண்டு தடவை நினைவூட்டினேன், ஆறு கிழமைக்குப் பிறகு திறந்துவிட்டார்கள். இன்வொய்ஸ் நம்பர், தயாரித்த தேதி, ரகம், கிலோ, கிடைத்த விலை, அந்தக் கிழமை அதே ரகத்துக்கு மேல்நாட்டு, அதாவது உயர்ந்த மலைப் பகுதித் தேயிலையின் சராசரி விலை. இத்தனையும் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி ஓர் அறிக்கை செய்து, ஏலம் முடிந்த மறுநாள் காலையில் அச்செடுத்து பெக்டரி வாசலில் ஒட்டினோம்.

முதல் மாதம் அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் மாதம் ஒருநாள் ஆபீசுக்கு வந்து, "இந்த ரெண்டு இன்வொய்சும் ஏன் அடிவாங்கியிருக்கு, அந்த ரெண்டு நாளும் என்னா நடந்திச்சின்னு பாருங்க" என்றார். இருவரும் திறந்து பார்த்தோம். அந்த இரண்டு நாளுக்கும் ஈரப்பதம் 3.0. அவருடைய கையாலேயே போட்ட 3.0. கொஞ்ச நேரம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்த நிரல் மாறியது. 2.8, 3.4, ஒரு நாள் 4.1. 4.1 வந்த நாட்களை அவரே சேர்த்துப் பார்த்து, இரவு ஷிப்ட்டில் ட்ரையருக்குத் தூள் போடும் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள் என்று பிடித்தார். அதற்கு எந்தப் புதுப் பகுதியையும் நாங்கள் விலைக்கு வாங்கவில்லை.

இதையே பிறகு ஒவ்வொரு இடத்திலும் செய்துபார்த்தேன். யார் பதிகிறாரோ அவருக்கு அதிலிருந்து என்ன திரும்பப் போகிறது என்று கேட்பேன். ஒன்றும் போகவில்லை என்றால் அந்தப் பதிவில் பிழை இருக்கும் என்று எடுத்துக்கொண்டு தேடுவேன். பெரும்பாலும் இருந்தது.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்தான் இது என் நெஞ்சைத் தொட்டது.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து நாளுக்கு மூன்று நிறை, அதாவது மூன்று தடவை நிறுப்போம். முதலில் கங்காணி துண்டில் எழுதுவார், அது ஆபீசுக்கு வரும், நாங்கள் கணனியில் ஏற்றுவோம். ஏற்றியது கழிவு போக மிஞ்சிய கிலோவை மட்டும். ஒருநாள் ஒரு அக்கா மழையில் நனைந்த படங்கோடு ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"மிஸ், நேத்து எம்பேருல எத்தன கிலோ இருக்கு?"

"பதினேழு, அக்கா."

"நான் இருவது போட்டேனே. நானே தராச பாத்தேன்."

எங்களுக்கு அப்போது நோர்ம், அதாவது முழு நாள் சம்பளத்துக்கு எடுக்கவேண்டிய கிலோ, பதினெட்டு. பதினேழு என்றால் அரைப் பேர். ஒரு கிலோ குறைந்ததற்காக அந்தப் பெண்ணுக்குப் பாதி நாள் சம்பளம் போகிறது. துண்டைத் தேடி எடுத்தேன். இருபது என்று எழுதி, சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு இரண்டு கழித்திருந்தது. கணனியில் அந்த இருபதும் இல்லை, கழிவும் இல்லை, பதினேழு மட்டும். அந்த அக்கா பொய் சொல்லவில்லை, கங்காணியும் பொய் எழுதவில்லை. மென்பொருளில் இருந்ததைப் பார்த்தால் மட்டும் அக்கா பொய் சொல்வது போலத் தெரிந்தது. என் அம்மாவும் எத்தனை தடவை இப்படி ஜன்னலில் நின்றிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

டிஜிட்டல் தராசும் டெப் என்கிற தொடுதிரைக் கணனியும் மடுவத்துக்கு வந்தபோது நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது ஒன்றுதான்: மொத்த நிறை, சாக்கு, தண்ணீர்க் கழிவு, மிச்சம் என்று நான்கும் தனித்தனியாகப் பதியப்பட வேண்டும், அந்த நான்கும் கொழுந்துக்காரியின் கையில் கொடுக்கும் சிறு துண்டிலும் தமிழில் அச்சாக வேண்டும். இடம் வீண் என்றார்கள். தோட்டத்தின் ஒரு டிவிஷனில் மட்டும் செய்துபார்ப்போம் என்று தோட்ட முகாமையாளரான பெரிய துரை சொன்னார். இரண்டு மாதம் போனதும், தண்ணீர்க் கழிவு நிரலை ஆபீசில் நாங்கள் வைத்திருக்கும் மழைமானிப் புத்தகத்தோடு தேதிவாரியாகப் பக்கத்தில் வைத்தேன். ஒரு மடுவத்தில் ஒரு பொட்டு மழை விழாத நாட்களிலும் இரண்டு கிலோ கழிந்திருந்தது. அந்தக் கங்காணி திருடவில்லை. கழிப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது, அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் கழித்தாராம். பெரிய துரை அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். மழை பதிவாகாத நாளில் அந்தக் கட்டத்தை மென்பொருள் திறக்கவே கூடாது என்று அன்றே சொல்லிவிட்டார். இன்றைக்கு எங்களிடம் அது பூட்டிக் கிடக்கிறது. ஜன்னலுக்கு வருகிறவர்கள் இப்போது துண்டோடு வருகிறார்கள், எந்த வரியில் சந்தேகம் என்று விரலை வைத்துக் கேட்கிறார்கள்.

துரைமாருக்கும் இதில் ஒரு லாபம் இருந்தது. அவர்களை இணங்க வைக்க அதைத்தான் நான் முன்னால் வைத்தேன். நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்பது கணக்கு. அதாவது நூற்றுக்கு இருபது முதல் இருபத்திரண்டு வரை. மலையில் கொழுந்தைக் குறைத்து எழுதினால் இந்தச் சதவீதம் கூடிக்கொண்டு போகும். இருபத்துநாலு வந்தால் பெக்டரி நன்றாக வேலை செய்கிறது என்று கொழும்பில் கைதட்டுவார்கள். உண்மையில் மடுவத்தில் எவருடைய கிலோவோ காணாமல் போயிருக்கும். உள்ளே போகும் நிறை சரியாக வந்த பிறகுதான் எங்கள் பெக்டரியின் உண்மையான சதவீதம் தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஒவ்வொரு நிறையும் இப்போது நேரத்தோடு பதிவாவதால், தூரத்து டிவிஷனின் இரண்டாம் நிறைக் கொழுந்து பெக்டரி தராசுக்கு வர மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுப்பது அப்படியே தெரிந்தது. பையில் அடைபட்டுச் சூடேறிய கொழுந்தில் நல்ல தேயிலை வராது. லொறி சுற்றும் வழியை மாற்றினோம். செலவு ஒன்றுமில்லை.

சம்பளப் பகுதியைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது, இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பெயர். எங்கள் பழைய தொழிலாளர் கோப்பில் தமிழ்ப் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே ஆங்கில எழுத்தும் குறியும்தான். புது மென்பொருளுக்கு மாற்றியபோது அது குப்பையாக வந்தது. சரி, ஆங்கிலப் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்த ஆங்கிலப் பெயரோ பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் ஒரு விதம், ஊழியர் சேமலாப நிதியில் இன்னொரு விதம். ஒரே லயத்தில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. வேலை செய்கிற காலத்தில் இது பெரிதாகத் தெரியாது. ஐம்பது வயதுக்குப் பிறகு ஒரு பெண் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போதுதான் ஓர் எழுத்துப் பிழைக்காக மாதக்கணக்கில் அலைவாள். சம்பளத்தில் அவளுடைய எட்டு வீதமும் கம்பனியின் பன்னிரண்டு வீதமும் முப்பது வருடமாகச் சேர்ந்த பணம் அது. நான் ஆபீஸ் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. கோப்பில் யூனிகோடு தமிழில் பெயர், அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கிலப் பெயர், சேமலாப நிதி இலக்கம் என்று மூன்றும் தனிக் கட்டமாக வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். சம்பள நாளில் வரிசையில் நிற்கும்போதே அட்டையைப் பார்த்துத் திருத்தினோம். 2016இலிருந்து அடையாள அட்டை எண் பன்னிரண்டு இலக்கமாக மாறியதால், ஒரே ஆள் பழைய இலக்கத்தில் ஒரு தடவையும் புது இலக்கத்தில் ஒரு தடவையுமாக இரண்டு ஆளாகப் பதியப்பட்டிருந்ததும் அப்போதுதான் அகப்பட்டது. முழுத் தோட்டமும் முடிய பதினான்கு மாதம் எடுத்தது. மென்பொருளில் நான் செய்த வேலைகளில் மிகப் பெறுமதியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, மாறும் விதிகள். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவானது, அடிப்படை 900, கொடுப்பனவு 100. மாதத்தின் முதல் நாளிலிருந்து அல்ல, 5ஆம் திகதியிலிருந்து. எங்கள் மென்பொருளில் பழைய சம்பளத் தொகையை அதை எழுதியவர் கோடிங்குக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார். மாற்ற அவர் வரவேண்டும், வந்தாலும் ஒரு மாதத்துக்கு ஒரே தொகைதான் போடமுடியும். நான்கு நாள் பழைய சம்பளம், மிச்சம் புதுச் சம்பளம் என்று பிரிக்க வழியில்லை. நாங்கள் ஐந்து பேர் மூன்று இரவு கையால் கணக்குப் போட்டோம். அந்தப் பாடத்துக்குப் பிறகு தொகை, நோர்ம், வீதம் எல்லாவற்றையும் கோடிங்கிலிருந்து வெளியே எடுத்து, "எந்தத் திகதியிலிருந்து" என்ற கட்டத்தோடு ஓர் அட்டவணையில் வைக்கச் செய்தோம். 2024இல் 1350 வந்தபோது அந்த அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். கணக்குப் பகுதியும் அதே வழியில் போனது. வற் வரி 2022இல் எட்டிலிருந்து பன்னிரண்டு, அதே வருடம் பதினைந்து, 2024 ஜனவரியில் பதினெட்டு என்று ஓடியது. எண்களை கோடிங்குக்குள் புதைத்த கம்பனிகளின் கணக்காளர்கள் பட்டபாட்டை நான் நேரில் பார்த்தேன். உங்கள் மென்பொருளை விற்றவரிடம் இன்றைக்கே கேளுங்கள்: நாளைக்கு வர்த்தமானி வந்தால் யார், எந்தத் திரையில், எத்தனை நிமிடத்தில் மாற்றுவது? அவரை நடத்திக் காட்டச் சொல்லுங்கள், வாயால் சொல்வதை ஏற்காதீர்கள்.

ஸ்டோரில் நாங்கள் சூடு கண்டது 2021இல். இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்திருந்த மாதங்கள். எந்தத் தோட்டத்தில் எவ்வளவு மிச்சம் என்று கொழும்பில் மென்பொருளைப் பார்த்து, இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு அனுப்பச் சொன்னார்கள். ஒரு காலை பக்கத்துத் தோட்டத்து லொறி வந்து நின்றது. இருநூறு மூட்டை ஏற்றிப்போக உத்தரவு. எங்கள் ஸ்டோரில் இருந்தது நாற்பது மூட்டை. பார்த்தால், ஐம்பது கிலோ மூட்டையாக வந்த இரண்டாயிரம் கிலோவை, இரண்டாயிரம் மூட்டை என்று பதிந்திருந்தது. வாங்குவது மூட்டைக் கணக்கு, மலைக்குக் கொடுப்பது கிலோக் கணக்கு, திரையில் எது என்று கேட்காமல் ஒரு வெற்றுக் கட்டம். அந்த லொறிச் சாரதி வெறுங்கையோடு திரும்பிப் போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. விறகும் இப்படித்தான். விற்பவர் லொறிக் கணக்கு, நாங்கள் கியூப் கணக்கு. வீ பெல்ட் கதை இன்னும் மோசம்: ஒரே பெல்ட் "ரோலர் பெல்ட்", "வீ பெல்ட் பி72", "பெல்ட் ரோலர் பெரிசு", "பி 72" என்று நான்கு பெயரில் நான்கு இலக்கம். ரோலர் நின்ற அன்று திரையில் பூச்சியம் என்று பார்த்து ஹட்டனுக்கு ஆளனுப்பி வாங்கினோம். தட்டில் இரண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

திருத்தியது எப்படி என்றால், ஸ்டோர்க்காரத் தம்பியும் பெக்டரி மெக்கானிக்கும் நானும் மூன்று போயா (பௌர்ணமி விடுமுறை) தினங்களில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து ஒரே பெயர், ஒரே இலக்கம், வாங்கும் அலகு, கொடுக்கும் அலகு என்று எழுதினோம். புதுப் பொருள் இலக்கம் திறக்கும் உரிமை இப்போது ஒரே ஆளுக்குத்தான். மெக்கானிக் சொல்கிற பெயரையும் தேடல் சொல்லாகச் சேர்த்திருக்கிறோம். "பெரிசு" என்று தட்டினாலும் வரும். அவர் தேடி எடுக்கத்தானே அந்தப் பட்டியல்.

மிஞ்சிய உரத்தை எந்த மலைக்கு, அதாவது எந்தத் தேயிலைப் பகுதிக்கு, போடுவது என்ற கேள்விக்கும் அதே மென்பொருள்தான் பதில் சொன்னது. ஒவ்வொரு மலையும் கவ்வாத்து வெட்டி எத்தனை மாதம், போன வருடம் ஹெக்டயருக்கு எவ்வளவு கொழுந்து கொடுத்தது என்பது செக்ரோலிலிருந்து தானாகவே வந்து சேர்ந்திருந்தது. முன்பென்றால் எல்லா மலைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவியிருப்போம்.

2022 எல்லாரையும் போல எங்களையும் உலுக்கியது. மார்ச் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபாவுக்குக் கிட்ட. மே மாதத்தில் முந்நூற்று அறுபது. எங்கள் லைசென்ஸ் டொலர்க் கணக்கு. ஒன்றுமே கூடாமல் செலவு ஏறக்குறைய இரட்டிப்பானது. அப்போதுதான் முதன்முறையாக யார் கடைசியாக எப்போது உள்ளே வந்தார் என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எங்கள் தோட்டத்துக்குப் பதினொரு லைசென்ஸ். ஆறு பேர்தான் பாவிக்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்று இரண்டு வருடம், ஒருவர் வேறு கம்பனிக்கே போய்விட்டார், அவருடைய பாஸ்வேர்ட் இன்னும் உயிரோடு இருந்தது. நாற்பதுக்கு மேல் அறிக்கைகள் காசு கொடுத்து எழுதுவித்திருந்தோம், திறக்கப்படுபவை ஒன்பது. எல்லாத் தோட்டங்களிலும் இப்படிச் சேர்ந்தபோது வருடப் பராமரிப்புப் பேச்சுவார்த்தைக்குக் கம்பனிக்கு நல்ல பிடி கிடைத்தது. இந்தப் பட்டியலை எடுப்பதற்கு நெருக்கடி வரும்வரை இருந்திருக்க வேண்டியதில்லை, வருடம் ஒரு தடவை ஒரு மணித்தியால வேலை. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. டெப்பில் பதிந்து வைத்து, இணைப்பு வந்ததும் ஏறுகிற வசதி இருந்த மடுவங்கள் தப்பின. ஆபீஸ் கணனியில் மட்டும் பதிகிற வேலைகள் பழைய புத்தகத்துக்குத் திரும்பின. புத்தகத்தைத் தூக்கி எறியவில்லையே என்று அன்று சந்தோஷப்பட்டேன். ஆனால் சாதாரண நாளிலும் இரண்டிலும் எழுதுவது வேறு விஷயம். புத்தகமும் கணனியும் சேர்ந்து ஓடும் வரைக்கும் ஆட்கள் புத்தகத்தைத்தான் நம்புவார்கள், கணனியில் மாதக் கடைசியில் அவசரமாக அடிப்பார்கள். நாங்கள் மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டோம். வித்தியாசம் நின்றதும் ஒரு திகதி குறித்துப் புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினோம்.

பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்தில் எங்களைக் கொழும்புக்கு அழைத்து ஒரு நாள் முழுக்க ஆங்கிலத்தில் நடத்தினார்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. பிறகு நான் செவ்வாய்க்கிழமை தோறும் மூன்று மணியிலிருந்து ஒரு மணித்தியாலம், எங்கள் ஆபீசிலேயே, அந்த வாரம் யார் எங்கே மாட்டிக்கொண்டார்களோ அதை மட்டும் எடுத்துத் தமிழில் செய்துகாட்டத் தொடங்கினேன். சிங்களச் சகோதரர் ஒருவர் சிங்களத்தில் சொல்வார். பிழை செய்தவர் எழுந்து சொல்லத் தயங்கினார்கள். ஆகவே முதல் நாள் நான் செய்த பிழையைத் திறந்துகாட்டினேன். அதற்குப் பிறகு தயக்கம் போனது. திரைக்குத் திரை ஒரு பக்கக் குறிப்பு எங்கள் சொற்களிலேயே வைத்திருக்கிறோம். "பேர் போடுறது", "அட்வான்ஸ் கழிக்கிறது", "இன்வொய்ஸ் கட்டுறது" என்று. விற்றவர் கொடுத்த தடித்த கைநூலை எவரும் திறந்து நான் பார்க்கவில்லை.

சம்பளச் சீட்டு இப்போது தமிழில் போகிறது. போன தீபாவளிக்கு முன் அந்தப் பழைய அக்கா, பதினேழு கிலோ அக்கா, மகளோடு வந்தார். மகள் உயர்தரம் படிக்கிறாள். முற்பணத்துக்கு இன்னும் எத்தனை தவணை மிச்சம் என்று சீட்டில் போட்டால் நல்லது, அம்மா ஒவ்வொரு மாதமும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார் என்றாள் பிள்ளை. ஒரு வரிதான். மறு மாதச் சீட்டில் சேர்த்தோம்.

இன்னும் சரியாகாதது மேற்பிரிவு மடுவம். அங்கே சிக்னல் இல்லை. கங்காணி ஒவ்வொரு நிறைக்குப் பிறகும் டெப்பைத் தூக்கிக்கொண்டு முனியாண்டி கோயில் வளைவு வரைக்கும் ஏறுகிறார், அங்கேதான் இரண்டு கோடு வரும். மழைக் காலத்தில் சட்டைக்குள் வைத்து மறைத்துக்கொண்டு போகிறார். கோயில் பக்கத்தில் நான்கு தகரம் போட்டு ஒரு சின்னக் கூரை கேட்டு எழுதியிருக்கிறேன். இந்தக் கிழமை இரண்டாவது நினைவூட்டல் போகிறது.